மாலை ஐந்து மணிக்கு மாறிய காற்று: விக்டோரியா, 2009 பிப்ரவரி 7

வடக்கிலிருந்து வந்தால் வாடை, தெற்கிலிருந்து வந்தால் தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. காற்றுக்குத் திசை பார்த்துப் பெயர் வைத்தவர்கள் நாம். இந்த நான்கு பெயர்களையும் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மூலையில் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்குக் கொண்டுபோனால் எல்லாம் தலைகீழாகிவிடும். அங்கே வடக்கே கிடப்பது கண்டத்தின் நடுப் பாலைவனம். ஆகவே வாடைதான் சுடும். தெற்கே தென்பெருங்கடல், அதையும் தாண்டினால் அண்டார்டிகா. தெற்கிலிருந்து வருவது உடலை நடுங்க வைக்கும் குளிர்காற்று.

கோடைக்காலத்தில் வடக்குக் காற்று இரண்டு மூன்று நாள் சேர்ந்தாற்போல் வீசினால் மெல்பர்ன் நகரம் அடுப்பாகிவிடுகிறது. அப்போது வானிலை அறிக்கையில் எல்லோரும் தேடுவது ஒரே ஒரு வரியைத்தான்: 'மாற்றம்' எத்தனை மணிக்கு வருகிறது? குளிர் வளிமுகம் ஒன்று, அதாவது முன்னேறிவரும் குளிர்ந்த காற்றின் முன்விளிம்பு, தென்மேற்கிலிருந்து கடந்துபோகும். சில நிமிடங்களில் வெப்பநிலை பத்து டிகிரிக்கும் மேல் இறங்கும். மூடிய ஜன்னல்களைத் திறந்துவிடலாம். சென்னையில் மே மாதப் பிற்பகலில் கடற்காற்று எப்போது நுழையும் என்று காத்திருப்பவர்களுக்கு இந்த மனநிலை நன்றாகவே புரியும். கடற்காற்றும் உண்மையில் ஒரு குட்டிக் குளிர்முகம்தான்.

2009 பிப்ரவரி 7 சனிக்கிழமை மாலையிலும் அந்த மாற்றம் வந்தது. வரும் என்று சொல்லப்பட்டபடியே, ஏறக்குறைய சொல்லப்பட்ட நேரத்திலேயே வந்தது. 'கறுப்புச் சனி' என்று இன்று அழைக்கப்படும் அந்த நாளில் 173 பேர் இறந்தார்கள். ஆஸ்திரேலிய வரலாற்றில் காட்டுத்தீ பறித்த உயிர்களில் இதுவே மிக அதிகம். முன்னறிவிப்பு இவ்வளவு துல்லியமாக இருந்த ஒரு நாளில் இத்தனை பேர் எப்படி இறந்தார்கள் என்ற கேள்வியை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. இந்த ஆய்வு அதைப் பற்றியது.

பின்னணி: காய்ந்துபோன ஒரு மாநிலம்

கதை பிப்ரவரியில் தொடங்கவில்லை. 1990களின் பிற்பகுதியிலிருந்தே தென்கிழக்கு ஆஸ்திரேலியாவில் நீண்ட வறட்சி. அந்த வறட்சியின் மேல் 2009 ஜனவரிக் கடைசியில் ஒரு வெப்ப அலை வந்து அமர்ந்தது. 28, 29, 30 ஆகிய மூன்று நாட்களும் மெல்பர்னில் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது; கடைசி நாளில் 45.1. அப்படி மூன்று நாள் தொடர்ந்ததாக அதற்கு முன் பதிவே இல்லை. ரயில் தண்டவாளங்கள் வளைந்தன, மின்சாரம் போனது. அந்த ஒரு வாரத்தில் விக்டோரியாவில் வழக்கத்தைவிட 374 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிடப்பட்டது. கறுப்புச் சனியின் எண்ணிக்கையைவிட இது இரண்டு மடங்குக்கும் மேல் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. வெப்பம் சத்தம் போடாமல் கொல்கிறது. அதனால் அதற்கு நினைவுச் சின்னங்கள் எழுவதில்லை.

அந்த ஜனவரி முழுவதிலும் மெல்பர்னில் பெய்த மழை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அதே நாட்களில் கண்டத்தின் மறுமுனையில், வடக்கு குயின்ஸ்லாந்தின் இங்ஹாம் நகரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது.

விக்டோரியாவின் மலைக்காடுகள் யூகலிப்டஸ் காடுகள். நீலகிரிக்குப் போனவர்களுக்கு இந்த மரத்தைத் தெரியும். நாம் தைலமரம் என்கிறோம், ஊட்டிக்கு வந்ததே ஆஸ்திரேலியாவிலிருந்துதான். அதன் பட்டை நீள நீளமான நாடாக்களாக உரிந்து கிளைகளில் தொங்கும். தீ பிடித்தால் இந்த நாடாக்கள் எரிந்தபடியே மேலே எழும்பி, காற்றில் பல கிலோமீட்டர் போய் விழுந்து, அங்கே புதிய தீயை மூட்டும். ஜனவரி வெப்பத்தில் இந்தப் பட்டைகளும் உதிர்ந்த இலைகளும் தொட்டால் நொறுங்கும் அளவுக்குக் காய்ந்திருந்தன.

முன்னறிவிப்பு என்ன சொன்னது

ஆஸ்திரேலிய வானிலைத் துறை பல நாட்களுக்கு முன்பே பிப்ரவரி 7ஐக் குறித்துவிட்டது. வரைபடத்தில் இருந்தவை இரண்டு. ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள டாஸ்மன் கடலின் மேல் நகராமல் நின்ற ஓர் உயர் அழுத்தம், மேற்கிலிருந்து நெருங்கிவந்த ஒரு குளிர்முகம். தெற்கு அரைக்கோளத்தில் உயர் அழுத்தத்தைச் சுற்றிக் காற்று கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். ஆகவே அந்த உயர் அழுத்தத்தின் மேற்கு ஓரத்தில், அதாவது விக்டோரியாவின் மேல், காற்று வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஓடும். பாலையின் சூட்டை அள்ளிக்கொண்டு வரும்.

குளிர்முகம் நெருங்க நெருங்க இரண்டுக்கும் இடையில், வரைபடத்தில் ஒரே காற்றழுத்தம் உள்ள இடங்களை இணைக்கும் அழுத்தக் கோடுகள் நெருக்கமாகும். கோடுகள் நெருங்கினால் காற்றின் வேகம் கூடும். இதை நிறுத்தி யோசிக்க வேண்டும்: ஒரு குளிர்முகத்தின் வருகையில் மிக மோசமான நேரம் அது வருவதற்குச் சற்று முந்தைய சில மணி நேரம். அப்போதுதான் வெப்பம் உச்சத்தில் இருக்கிறது, ஈரப்பதம் அடிமட்டத்தில் இருக்கிறது, வடக்குக் காற்று மிக வேகமாக வீசுகிறது. குளிர்ச்சியை அழைத்துவரும் அமைப்பேதான் அதற்கு முன் வெப்பத்தையும் முறுக்கி ஏற்றுகிறது.

இது மழை தரும் முகமும் அல்ல. கோடையின் இறுதியில் இந்தப் பகுதியைக் கடக்கும் முகங்கள் பெரும்பாலும் வறண்டவை. கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று தரையை ஒட்டி ஓர் ஆப்பு போல நுழைகிறது. மேலே இருக்கும் சூடான காற்று அப்படியே இருக்கிறது. முகத்தின் பின்னால் மேகம் இருக்கலாம், தூறலும் விழலாம். தீயை அணைக்கும் மழை அதில் இல்லை.

இவை எல்லாம் முந்தைய நாளே தெரிந்திருந்தன. மாநில முதல்வர் ஜான் பிரம்பி வெள்ளிக்கிழமையே மக்கள் முன் வந்து, நாளைய நாள் மாநில வரலாற்றிலேயே மிக மோசமான ஒன்றாக இருக்கக்கூடும், முடிந்தால் வீட்டை விட்டு வெளியே போகாதீர்கள் என்ற பொருளில் எச்சரித்தார். திறந்தவெளியில் தீ மூட்ட முழுத் தடை அறிவிக்கப்பட்டது. காற்று எந்த இடத்தில் எத்தனை மணிக்குத் திசை மாறும் என்று காட்டும் வரைபடங்களை வானிலைத் துறை தீயணைப்பு அமைப்புகளுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது.

அக்காலத்தில் பயன்பட்ட காட்டுத்தீ அபாய எண் 1960களில் மெக்ஆர்தர் என்ற ஆய்வாளர் வகுத்தது. 1939 ஜனவரி 13இல், 71 பேரைப் பலிகொண்ட 'கறுப்பு வெள்ளி'யன்று நிலவிய வானிலையை 100 என்று வைத்து அவர் அளவுகோலை அமைத்தார். அதற்கு மேல் போகும் நாள் ஒன்று வரும் என்று அளவுகோல் எதிர்பார்க்கவில்லை. பிப்ரவரி 7இல் பல இடங்களில் அந்த எண் 100ஐத் தாண்டி வெகுதூரம் போனது.

பகல்

மெல்பர்ன் நகரில் 46.4 டிகிரி. 1939இன் கறுப்பு வெள்ளியன்று பதிவான 45.6 டிகிரியே அதுவரை நகரத்தின் உச்சமாக இருந்தது. மாநிலத்தின் வடமேற்கே ஹோப்டவுனில் 48.8, விக்டோரியாவில் அன்றுவரை எங்கும் அப்படி ஒரு வெப்பம் பதிவானதில்லை. ஈரப்பதம் பல நிலையங்களில் 10 சதவீதத்துக்கும் கீழே.

காலை 11.47க்கு மெல்பர்னுக்கு வடக்கே கில்மோர் ஈஸ்ட் என்ற இடத்தில் ஒரு மின்கம்பி அறுந்தது. ஊரகப் பகுதிகளில் பள்ளத்தாக்குகளைத் தாண்டி இழுக்கப்படும் ஒற்றைக் கம்பி அது. இரண்டு கம்பங்களுக்கு இடையே ஒரு கிலோமீட்டருக்கும் மேல் தூரம். வயது 43 ஆண்டு. கம்பியின் முனையைக் கம்பத்தோடு பிணைக்கும் சுருள் பிடிப்பு, அது அமர வேண்டிய உலோக வளையத்தில் சரியாக அமரவில்லை. ஆண்டுக்கணக்கில் காற்றில் ஆடி ஆடி அந்த இடத்தில் மட்டும் கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்து அறுந்துகொண்டு வந்திருக்கின்றன. கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவர் கண்ணுக்கு எட்டாத, கையளவே ஆன ஒரு கோளாறு. கடைசி இழைகளை அந்த நாளின் காற்று அறுத்தது. கம்பி தரையையும் வேலியையும் தொட்டபோது எழுந்த மின்பொறி காய்ந்த புல்லில் விழுந்தது.

அந்த நாளில் மாநிலத்தில் பதிவான தீ விபத்துகள் 316. பெரும்பாலானவை உடனே அணைக்கப்பட்டன. தப்பிய சிலவற்றில் கில்மோர் ஈஸ்ட் தீ ஒன்றே 119 பேரைக் கொன்றது. பிற்பகல் மூன்று மணியை ஒட்டி மரின்டின்டி என்ற இடத்தில் தொடங்கிய தீயில் 40 பேர் இறந்தார்கள். கிழக்கே சர்ச்சில் ஊருக்கு அருகே ஒருவர் வேண்டுமென்றே வைத்த தீயில் 11 பேர்.

கில்மோர் ஈஸ்ட் தீ வடமேற்குக் காற்றில் தென்கிழக்கு நோக்கி ஓடியது. நான்கு வழி நெடுஞ்சாலையைத் தாண்டிக் குதித்தது. மலையடிவாரத்தில் இருந்த ஸ்ட்ராத்யூவன், செயின்ட் ஆண்ட்ரூஸ் போன்ற ஊர்கள் அந்த ஓட்டத்தின் நேர்ப்பாதையில் சிக்கின. அங்கே இறந்தவர்கள் பலர் காற்று மாறுவதற்கு முன்பே இறந்துவிட்டார்கள். எனவே எல்லாப் பழியையும் குளிர்முகத்தின் மேல் போடுவது சரியாகாது. தீப்பொறிகள் முப்பது கிலோமீட்டருக்கும் அப்பால் யாரா பள்ளத்தாக்கில் விழுந்து புதிய தீக்களை மூட்டின. புகைத்தூண் ஏறத்தாழ 15 கி.மீ. உயரத்துக்கு எழுந்து தானே ஒரு இடிமேகமாக மாறியது. அந்த மேகத்தின் மின்னல்கூட வேறு இடங்களில் தீ வைத்தது.

ஒரு தாளும் பென்சிலும்

குளிர்முகம் தீக்கு என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு தாள் போதும். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை நோக்கி நீண்ட, ஒல்லியான ஒரு சுருட்டு வடிவத்தை வரையுங்கள். அதுதான் வடமேற்குக் காற்றில் ஓடும் தீ. கீழ் வலது முனை அதன் தலை. ஆபத்தெல்லாம் அந்த முனையில்தான். தலையின் அகலம் சில கிலோமீட்டர் இருக்கும். சுருட்டின் இரண்டு நீண்ட ஓரங்களைத் தீயணைப்பாளர்கள் விலா என்பார்கள். விலாவில் தீ மெதுவாக, காற்றின் குறுக்கே, தவழ்ந்து எரியும். அதன் அருகே நின்று வேலை செய்ய முடியும். பக்கத்து ஊரில் இருப்பவர்கள் புகையைத் தூரத்தில் பார்த்துக்கொண்டு, நல்லவேளை நம் பக்கம் வரவில்லை என்று நினைக்கவும் முடியும்.

இப்போது காற்றை மாற்றுங்கள். தாளின் இடது கீழ் மூலையிலிருந்து, அதாவது தென்மேற்கிலிருந்து, வலது மேல் மூலை நோக்கி ஓர் அம்பு போடுங்கள். அம்பு சுருட்டின் நீண்ட ஓரத்தை நேர்க்குத்தாகச் சந்திக்கிறது. சுருட்டின் வடகிழக்கு விலா முழுவதும் ஒரே நொடியில் தலையாகிவிட்டது.

கில்மோர் ஈஸ்ட் தீ அந்த நேரத்தில் ஐம்பது கிலோமீட்டர் அளவுக்கு நீண்டிருந்தது. நாலைந்து கிலோமீட்டர் அகலத் தலை ஐம்பது கிலோமீட்டர் அகலத் தலையானது. அந்த ஐம்பது கிலோமீட்டரும் பத்து கிலோமீட்டர் முன்னேறினால் 500 சதுர கிலோமீட்டர், அதாவது 50,000 ஹெக்டேர். ஒரு பள்ளிக்கூடக் கணக்குதான் இது. பகல் முழுக்க ஓடி எரித்த பரப்புக்கு ஈடான பரப்பை மாற்றத்துக்குப் பிந்தைய சில மணி நேரத்தில் ஒரு தீ எப்படி எரிக்கிறது என்பதற்கு இதைவிடப் பெரிய மர்மம் எதுவும் தேவையில்லை.

தீயணைப்பாளர்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. 1983 பிப்ரவரி 16, 'சாம்பல் புதன்'. அதுவும் கோடையின் கடைசி மாதம். அதுவும் கடும் வடக்குக் காற்று. அதுவும் மாலையில் ஒரு வறண்ட குளிர்முகம். விக்டோரியாவில் 47 பேரும் தெற்கு ஆஸ்திரேலியாவில் 28 பேரும் இறந்தார்கள். அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில் காற்று மாறியபோது 12 தன்னார்வத் தீயணைப்பாளர்கள் தங்கள் வண்டிகளோடு தீக்குள் அகப்பட்டார்கள். 1998 டிசம்பரில் லின்டனில் மீண்டும் அதே கதை, அதே விலா, ஐந்து இளம் தன்னார்வலர்கள். லின்டனுக்குப் பிறகு விக்டோரியாவின் தீயணைப்பாளர் எவருக்கும் பயிற்சியில் காற்றுமாற்றத்தைப் பற்றிச் சொல்லாமல் விடுவதில்லை.

ஆனால் ஊர்மக்களுக்கு யார் சொன்னார்கள்? எனக்கு இந்த இடத்தில்தான் நெஞ்சு அடைக்கிறது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மாற்றம் வருகிறது, குளிரப்போகிறது என்ற செய்தி எல்லோருக்கும் போய்ச்சேர்ந்தது. அதே மாற்றம் இன்னின்ன ஊர்களின் மேல் தீயைத் திருப்பும் என்ற செய்தி அந்த ஊர்களுக்குப் போகவில்லை. ஒரே வானிலை நிகழ்வு, இரண்டு செய்திகள். நகரத்துக்கான செய்தி மட்டும் சென்றுசேர்ந்தது.

மேரிஸ்வில்

மெல்பர்னிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் வடகிழக்கே, மலைகளுக்கு நடுவே, ஐந்நூறு பேர் வாழ்ந்த சிற்றூர் மேரிஸ்வில். அருவி பார்க்கவும், இலையுதிர்காலத்தில் மரங்களின் நிறம் பார்க்கவும் நகரத்தார் வந்து தங்கும் இடம். மரின்டின்டி தீ பிற்பகலில் தென்கிழக்காக ஓடி நார்பெத்தாங்கைத் தாக்கியது. மேரிஸ்வில் அந்தப் பாதையில் இல்லை. ஓடும் தீக்கு அது பக்கவாட்டில், வடகிழக்குப் புறத்தில் இருந்தது. மேலே தாளில் வரைந்த சுருட்டை நினைவில் வைத்துப் பார்த்தால் அந்த ஊர் எங்கே நின்றுகொண்டிருந்தது என்பது விளங்கும்.

ஊருக்கு நடுவே கலிபோலி பார்க் என்ற விளையாட்டுத் திடல் இருக்கிறது. மாலையில் மக்கள் சிலர் அங்கே கூடினார்கள். காவல்துறையினர் வீடு வீடாகப் போய்க் கிளம்பச் சொன்னார்கள். திடலில் இருந்த வாகனங்களை வரிசையாக்கி வடக்கே அலெக்சாண்ட்ரா ஊருக்கு அனுப்பிவைத்தார்கள். அந்த வரிசையில் போனவர்கள் பிழைத்தார்கள். சிறிது நேரத்தில் காற்று மாறி, நார்பெத்தாங் பக்கம் இருந்த தீயின் நீண்ட விலா ஊரை நோக்கித் திரும்பியது. நானூறுக்கும் மேற்பட்ட கட்டடங்களில் விடியும்போது நின்றவை பதினான்கு அளவில்தான். மேரிஸ்விலிலும் அதன் சுற்றுப்புறத்திலும் இறந்தவர்கள் முப்பதுக்கும் மேல்.

அந்த வாகன வரிசையைப் பற்றி நான் அடிக்கடி நினைப்பதுண்டு. தலைமையகத்திலிருந்து தெளிவான உத்தரவு வரும்வரை காத்திராமல், இருப்பவர்கள் கண்முன் இருந்ததை வைத்து முடிவெடுத்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் முன்னதாக ஒருவர் அந்த ஊருக்குத் தொலைபேசியில், "காற்று மாறப்போகிறது, நீங்கள் வடகிழக்கில் இருக்கிறீர்கள்" என்று சொல்லியிருந்தால் எத்தனை வாகனங்கள் கூடுதலாக அந்த வரிசையில் சேர்ந்திருக்கும்?

விசாரணையில் வெளிவந்தது

ஓய்வுபெற்ற நீதிபதி பெர்னார்ட் டீக் தலைமையில் அரசு அமைத்த உயர்மட்ட விசாரணைக் குழுவான ராயல் கமிஷன் 155 நாட்கள் விசாரணை நடத்தி 2010 ஜூலை 31இல் இறுதி அறிக்கையைத் தந்தது, 67 பரிந்துரைகள். வானிலைத் துறையின் பணியில் அது குறை காணவில்லை. வெப்பம், காற்று, மாற்றம் வரும் நேரம் எல்லாமே உரியவர்கள் கையில் உரிய நேரத்தில் இருந்தன.

மெல்பர்னில் இருந்த ஒருங்கிணைப்பு மையத்தில் தீயின் நடத்தையை அறிந்த வல்லுநர்கள் உட்கார்ந்து, கில்மோர் ஈஸ்ட் தீ காற்று மாறுவதற்கு முன் எங்கே போகும், மாறிய பின் எங்கே திரும்பும் என்று வரைபடம் போட்டிருக்கிறார்கள். கிங்லேக் போன்ற மலையூர்கள் அந்த வரைபடத்துக்குள் இருந்தன. வரைபடம் அறையைவிட்டு வெளியே போகவில்லை. தீக்கு இன்னும் அருகே, காங்கரூ கிரவுண்டில் இருந்த கட்டுப்பாட்டு மையம் எச்சரிக்கைகளை எழுதியே வைத்திருந்தது. ஆனால் இந்தத் தீக்குப் பொறுப்பு கில்மோரில் உள்ள மையத்துடையது. எச்சரிக்கையை வெளியிடும் அதிகாரமும் அதனுடையது. கில்மோரிலோ அந்த அளவு தீயைக் கையாளும் ஆட்களோ அனுபவமோ போதவில்லை. எழுதிய எச்சரிக்கை மேசையிலேயே கிடந்தது. பெயர் சொல்லி எச்சரிக்கை வந்தபோது சில ஊர்களில் தீ ஏற்கெனவே வீட்டுக் கூரைகளில் இருந்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இப்போதும் வருகிறது. அன்று பணியில் இருந்த தனிமனிதர்கள் மேல் அல்ல; அவர்களில் பலர் தூக்கமில்லாமல், தங்கள் சொந்த வீடுகள் எரிந்துகொண்டிருக்கக்கூடும் என்ற நினைப்போடு வேலை பார்த்தவர்கள். எச்சரிக்கையை எழுதத் தெரிந்தவரிடம் அதை அனுப்பும் உரிமை இல்லாதபடி அமைப்பை வடிவமைத்த அந்த ஏற்பாட்டின் மேல்.

மக்களுக்குச் சொல்லப்பட்டிருந்த கொள்கை ஒன்றும் விசாரணைக்கு உள்ளானது. முன்கூட்டியே கிளம்பிவிடு, அல்லது ஆயத்தமாக இருந்து வீட்டைக் காத்து நில் என்பது அதன் சாரம். சாதாரணத் தீநாட்களில் இது பலரைக் காப்பாற்றிய கொள்கைதான். கடைசி நேரத்தில் சாலையில் ஓடுவதே பெரும்பாலும் உயிரைப் பறிக்கிறது என்ற அனுபவத்திலிருந்து பிறந்தது. ஆனால் அபாய எண் 100ஐத் தாண்டிய நாளில், மலைக்காட்டுக்குள் இருக்கும் மரவீட்டைத் தோட்டக்குழாய் கொண்டு காக்க முடியாது. இறந்த 173 பேரில் 113 பேர் வீடுகளுக்குள் இறந்தார்கள். 44 சதவீதத்தினர் சிறுவர்கள், எழுபதைத் தாண்டியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள்.

பின்னர் மாறியவை பல. அபாய அளவுகோலில் 100க்கு மேல் 'பேரழிவு' என்று ஒரு தனிப் படிநிலை சேர்க்கப்பட்டது. அந்த நாளில் முந்தைய இரவே, அல்லது விடியற்காலையிலேயே கிளம்பிவிடுவதுதான் ஒரே பாதுகாப்பு என்று ஒளிவுமறைவின்றிச் சொல்லப்படுகிறது. 2022 செப்டம்பரிலிருந்து நாடு முழுவதற்கும் நான்கு படிநிலை கொண்ட ஒரே அளவுகோல். ஒரு குறிப்பிட்ட பகுதியில் உள்ள எல்லாத் தொலைபேசிகளுக்கும் எச்சரிக்கை அனுப்பும் ஏற்பாடு 2009 முடிவதற்குள்ளேயே வந்துவிட்டது. கட்டுப்பாட்டு அறைகளில் வானிலையாளர்கள் தீயணைப்பாளர்களுக்குப் பக்கத்திலேயே அமர்கிறார்கள். மின்கம்பிகள் தொடர்பான வழக்கு 2014இல் 49 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேற்பட்ட இழப்பீட்டில் முடிந்தது.

வடகிழக்கில் இன்னும் வடக்குக் காற்று

பிராந்திய வானிலைக் கண்ணோட்டம் ஒன்றைப் படிக்கும்போது பெரும்பாலோர் தலைநகரத்துக்கான எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். குளிர்முகம் என்பது நகர்ந்துகொண்டே இருக்கும் ஒரு கோடு. அன்று அது பிற்பகலில் மாநிலத்தின் தென்மேற்கு மூலையைத் தொட்டு, மாலை ஐந்து மணியை ஒட்டி மெல்பர்னைக் கடந்து, ஆறு மணி அளவில் கிங்லேக், மேரிஸ்வில் மலைகளில் இருந்தது. மலைத்தொடரில் மோதியபோது அதன் வேகமும் வடிவமும் மாறின. பின்னாளில் கணினியில் அந்த நாளை மீண்டும் ஓட்டிப் பார்த்த வானிலையாளர்கள், முகத்துக்கு முன்னால் காற்று நீள நீளமான உருளைகளாகச் சுழன்றதையும், இரவில் அதன் முன்னோடியாக ஓர் அலை வடகிழக்குப் பள்ளத்தாக்குகளுக்குள் புகுந்ததையும் கண்டார்கள். வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிவது தரையில் நின்று பார்க்கும்போது பல முறை திசை மாறும் காற்றாக இருக்கிறது.

மெல்பர்னில் குளிர்ந்துவிட்டது. மாற்றம் வந்துவிட்டது என்று நகரம் மூச்சுவிட்டுக்கொண்டிருந்த நேரம் அது. அங்கிருந்து 200 கி.மீ.க்கும் அப்பால், மாநிலத்தின் வடகிழக்கே பீச்வொர்த்தில், முகம் இன்னும் வந்திருக்கவில்லை. வடக்குக் காற்று அப்படியே அடித்துக்கொண்டிருந்தது. மாலை ஆறு மணி அளவில் ஒரு மரம் மின்கம்பியின் மேல் சாய்ந்தது. அங்கே மூண்ட தீ தெற்கு நோக்கி இரவுக்குள் ஓடி, மட்ஜிகோங்காவை அடைந்தது. அந்த ஊரில் இரண்டு பேர் இறந்தார்கள்.